கோழித் தீவன மூட்டையில் இருக்கிற கடல்

கேள்வி: நாங்கள் பெருந்துறைப் பக்கம். என் கணவர் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அண்ணன் மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு தப்பாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கிய படங்களைப் பார்த்ததிலிருந்து, கோவையில் படிக்கும் சின்ன மகள் மீனைத் தொடுவதில்லை. "நீங்கள் தின்கிற மீனுக்காகத்தான் அதெல்லாம் சாகிறது" என்கிறாள். அவள் அப்பாவோ, "கடல் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன?" என்கிறார். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்து எங்களோடுதான் இருக்கிறாள். பால் ஊற பால்சுறா வாங்கிக் கொடுக்கச் சொல்லி சம்பந்தியம்மா தினமும் போன் செய்கிறார். சின்னவள் கூடவே கூடாது என்கிறாள். யார் சொல்வது சரி? மீனையே நிறுத்திவிடவா?

பதில்: உங்கள் சின்ன மகள் சொல்வதில் முக்கால்வாசி சரி. வீட்டுக்காரர் சொல்வது தப்பு, அதிலும் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் அப்படிச் சொல்லவே கூடாது. ஆனால் உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் யாருமே பேச்சுக்கு இழுக்காத ஒருவர் இருக்கிறார். அவர் உங்கள் அண்ணன். உங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் இருக்கிற பெரிய கொடுக்கல் வாங்கல் குழம்புச் சட்டியைவிட அவருடைய தீவன மூட்டையில்தான் அதிகம். அதற்கு வருகிறேன், முதலில் ஆமை.

செத்து ஒதுங்கியவை பங்குனி ஆமைகள். தை தொடங்கி பங்குனி, சித்திரை வரை நம் கிழக்குக் கரையில் முட்டையிட வருகிறவை. ஆமைக்கு மீனைப்போல் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். இழுவை மடி போட்ட விசைப்படகு அந்த வலையை மணிக்கணக்கில் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே மாட்டிய ஆமை மேலே வர வழியில்லாமல் மூச்சுமுட்டிச் சாகிறது. மடியைத் தூக்கிக் கொட்டியதும் செத்ததைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள், அலை அதைக் கரையில் கொண்டுவந்து போடுகிறது. அத்தனை ஆமைகள் ஒரே நேரத்தில் கரைக்கு வந்து குவிந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மடியின் கழுத்துப் பகுதியில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால், மீனும் இறாலும் கம்பி இடுக்கில் நுழைந்து பின்னால் போய்விடும், ஆமை கம்பியில் தட்டி, அங்கே விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். முட்டையிட வரும் ஆமைகள் கரையோரத்தில்தான் கூடும் என்பதால், தமிழ்நாட்டு விதிப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுக்கவே கூடாது. விதி இருக்கிறது. ஆனால் இறால் கிடைப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். கம்பிச் சட்டம் வைத்தால் திறப்பு வழியாகக் கொஞ்சம் மீனும் போய்விடுகிறது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். அது பொய்யில்லை, கொஞ்சம் போகத்தான் செய்யும்.

இந்தக் கம்பிச் சட்டம் வைக்காத வலையில் பிடித்த இறால் வேண்டாம் என்று 2019-ல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. வளர்ப்பு இறாலுக்குத் தடை இல்லை, கடலில் பிடித்ததற்கு மட்டும். எத்தனையோ வருஷம் அறிவுரை சொல்லிக் கேட்காதவர்கள் அதற்குப் பிறகுதான் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பையர், அதாவது துணி வாங்குகிற கம்பெனி, ஒரு கண்டிஷன் போட்டால் திருப்பூரில் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கடலிலும் அதேதான். வாங்குகிறவர் யார், அவர் என்ன கேட்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் அண்ணன்.

படகு கரைக்கு வந்து மடியைக் கொட்டும்போது அளந்து, எடைபோட்டு, வகை பிரித்துக் கணக்கெடுப்பது பல வருஷம் என் வேலையாக இருந்தது. இறால், நண்டு, கணவாய், விலைமீன் எல்லாம் கூடை கூடையாகப் பிரிந்த பிறகு தளத்தில் ஒரு குவியல் மிஞ்சும். கழிவு மீன் என்பார்கள். ராமேஸ்வரம் பக்கம் அதற்கு சங்காயம் என்று பெயர். முன்பெல்லாம் இதைக் கடலிலேயே தள்ளிவிட்டு வருவார்கள். இப்போது தள்ளுவதில்லை, விலை இருக்கிறது. கரையில் மணலில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுகிறார்கள். மீன்தூள் ஆலைக்கும் இறால் தீவன ஆலைக்கும் ஒரு பங்கு போகிறது. காய்ந்த கருவாடாகவே கோழித் தீவனத்துக்குப் போவது இன்னொரு பங்கு. அந்த லாரிகளில் பல நெடுங்காலமாக வந்து நின்ற ஊர் நாமக்கல்.

அந்த மூட்டையில் என்ன இருக்கிறது? உங்கள் அண்ணனிடம் அப்படியொரு மூட்டை இருந்தால், ஒரு கைப்பிடி அள்ளி செய்தித்தாளில் பரப்பச் சொல்லுங்கள். முதலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தூசியாகத்தான் தெரியும். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் காசு அகல நண்டுகள் வரும், ஓடு முற்றாதவை. நகம் அளவு கணவாய்க் குஞ்சு வரும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிற நாக்கு மீன், தீப்பெட்டி நீளம்கூட இருக்காது. விரல் நீள நவரை. அப்புறம் நிறைய காரல். இதில் காரலைப் பற்றி ஒரு வார்த்தை: அது பெரிதாகவே ஆகாத மீன், நெத்திலியும் அப்படித்தான். சின்னதாக இருப்பதெல்லாம் குஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் சின்ன மகள் நெத்திலியைப் பார்த்துக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அந்த நண்டும் கணவாயும் நவரையும், இன்னும் சில மாதம் கடலில் விட்டிருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் விலை போயிருக்கும். ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்கும். பிடித்த மீனவருக்கே அது நஷ்டம்.

அப்படியிருந்தும் ஏன் பிடிக்கிறார்கள்? டீசலுக்காக. கடலில் நல்ல மீன் குறைந்துவிட்டால் படகு ஓட்டுவது கட்டுபடியாகாது. சிலர் தொழிலை விடுவார்கள், சிலர் நாள் குறைத்துப் போவார்கள், கடலும் கொஞ்சம் தேறும். இது பழைய கணக்கு. சங்காயத்துக்கு விலை வந்த பிறகு அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. நல்ல மீன் கிடைக்காத நாளிலும் கழிவு மீன் டீசல் காசைக் கொடுத்துவிடுகிறது, படகு மறுநாளும் கிளம்புகிறது. மடியின் கடைசிப் பையில் கண்ணி அளவு 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி. அந்தக் கண்ணியில் குஞ்சு தப்பிப் போகும். குஞ்சுக்கே விலை இருக்கும்போது அதைத் தப்பவிட யாருக்கு மனம் வரும்? கண்ணியைச் சிறிதாக்குகிறார்கள், இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி போடுகிறார்கள்.

மீனவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1953-ல் கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தில் ஆரம்பித்து, படகுக்கு எஞ்சின், இழுவை மடி, மானியம், இறால் ஏற்றுமதி என்று கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோனது அரசாங்கங்கள்தான். அதே குப்பத்தில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்தான் இழுவை மடியால் முதலில் அடிபடுகிறவர். அவர் விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடும். நம்மைவிட அவர்களுக்கு இந்தக் கோபம் அதிகம்.

உங்கள் அண்ணனிடம் ஆமை, கடல் என்று ஆரம்பிக்காதீர்கள். நம் பக்கத்துப் பண்ணைக்காரர்களை எனக்குத் தெரியும், "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். தீவனக் கணக்கிலேயே பேசுங்கள். கருவாடு வாங்குவது புரதத்துக்காக, முக்கியமாக மெத்தியோனைன், லைசின் என்கிற இரண்டு அமினோ அமிலங்களுக்காக. சோயாப் புண்ணாக்கோடு அந்த இரண்டையும் தனியாகச் சேர்த்து இதே வேலையை முடிக்கலாம். பல பண்ணைகள் ஏற்கெனவே அப்படி மாறிவிட்டன. மணலில் காயவைத்த கருவாட்டில் மணலின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடித்து எச்சம் நீர்த்துப்போகும், கூண்டுக்கடியில் ஈ மொய்க்கும். சரியாகக் காயாத சரக்கில் சால்மோனெல்லா வரும். அளவு மீறினால் முட்டையிலேயே கவிச்சி அடிக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல, வேறு யாராவது எடுத்துச் சொன்னால் உறைக்கும். தீவனத்தை வெளியில் வாங்குகிறவராக இருந்தால், மீன்தூள் சேர்த்திருக்கிறதா, அது எந்த மீன் என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மத்தியிலிருந்து எடுத்த தூளா, கலப்படக் கழிவு மீன் தூளா என்று ஆலைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பண்ணைக்காரர் கேட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்துப் பேர் கேட்டால் மூட்டை மாறும்.

உங்கள் மகள் தட்டிலிருந்து மீனை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் முட்டையை வைத்துக்கொண்டால், கழிவு மீன் வேறு வழியாகத் தட்டுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. இதை அவளிடம் சண்டை போட எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்கிற பெண், சொன்னால் புரிந்துகொள்வாள்.

மீனை நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளட்டும், அது அவள் மனசு. நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. பார்த்து வாங்கினால் போதும். கோவை உக்கடம் லாரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு வரும் மீனில் ஒரு பங்கு கேரளத்திலிருந்து வருகிறது, மத்தியும் அயிலையும் அதிகம். கேரளத்தில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் கிடைத்தது 3,297 டன். கடல் சூடானதும் மழைக்காலம் தடுமாறியதும் இதில் பெரிய காரணம். ஆனால் மீன் குறைந்துவரும் காலத்திலும் குஞ்சை அள்ளினால் மிச்சமிருப்பது எழுந்திருக்காது. மத்தி ஒரு வயதுக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிற மீன் என்பதால் அடுத்தடுத்த வருஷங்களில் திரும்பவும் லட்சம் டன்னைத் தாண்டியது. எல்லா மீனுக்கும் அந்த யோகம் கிடையாது.

கேரளம் 2015-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. எந்த மீனை எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டது, முதலில் 14 வகைகளுக்கு, பிறகு 58 வகைகளுக்கு. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14, அவர்கள் கிளிமீன் என்கிறதற்கு 12. மீன் மார்க்கெட்டுக்கு யாரும் ஸ்கேல் கொண்டுபோக மாட்டார்கள். புது 100 ரூபாய் நோட்டின் நீளம் 14.2 சென்டிமீட்டர். அயிலை அதைவிடக் குட்டையாக இருந்தால் வாங்காதீர்கள். புது 10 ரூபாய் நோட்டு 12.3, அது கிளிமீனுக்கு. மத்தி 10 ரூபாய் நோட்டை எட்டினால் தாராளமாக வாங்கலாம். வாங்காமல் வரும்போது "குஞ்சு மீன் வேண்டாங்க, பெரிசு வந்தா எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடைக்காரர் ஏலத்தில் எடுக்கும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன்கள் முட்டையிடும் காலம். அப்போது ஈரோடு ஸ்டோனி பாலம் மார்க்கெட்டிலும் உக்கடத்திலும் விலை ஏறுகிறது என்று எல்லாரும் புலம்புகிறார்கள். அந்த இரண்டு மாதம் பவானிசாகர், மேட்டூர் அணை மீனுக்கு மாறிக்கொள்ளுங்கள். கட்லாவும் ரோகுவும் முள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒறம்பரை வந்த நாளில் வஞ்சிரம்தான் வேண்டும் என்றால் நாட்டுப்படகில் தூண்டில் போட்டோ செவுள்வலை போட்டோ பிடித்தது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். விலை கூடத்தான் இருக்கும்.

பால்சுறா விஷயத்தில் உங்கள் சின்ன மகள் பக்கம்தான் நான். சம்பந்தியம்மா மனம் நோகாமல் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். சுறா மத்தியைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற மீன் அல்ல. பருவத்துக்கு வர வருஷங்கள் பிடிக்கும், ஒரு ஈட்டுக்குச் சில குட்டிகள்தான். பால்சுறா என்று தனியாக ஒரு சின்னச் சுறா உண்டு என்றாலும், மார்க்கெட்டில் அந்தப் பெயரில் பெரிய சுறாக்களின் குட்டியும் சேர்ந்தே விற்கும். தோலுரித்துத் துண்டு போட்டபின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, கடலில் மற்ற மீன்களைத் தின்று வாழும் சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பால் கொடுக்கும் தாய்மார்கள் சுறாவைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். சம்பந்தியம்மாவிடம் கடலைப் பற்றிப் பேச வேண்டாம், பேரக்குழந்தைக்குப் பாலில் பாதரசம் போகும் என்று மட்டும் சொல்லுங்கள், உடனே விட்டுவிடுவார். சுறாப்புட்டு செய்கிற அதே பக்குவத்தில், பூண்டும் மிளகும் தாராளமாகப் போட்டு, நல்ல அளவு மத்தியை வேகவைத்து முள்ளெடுத்துப் புட்டாகச் செய்து கொடுங்கள். முள்ளெடுப்பது கொஞ்சம் வேலைதான். புரதமும் மீன் கொழுப்பும் அதில் போதுமான அளவு இருக்கிறது, பிள்ளைபெற்ற உடம்புக்கு ஏற்றது. மருத்துவர் வேறு பத்தியம் எதுவும் சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். கொங்குச் சீமைத் தண்ணீர் இரண்டு கடலுக்கும் போகிறது என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலில் விழுகிறது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் சேர்ந்து கிழக்கே போகின்றன. நொய்யல் பற்றி நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரே தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கிற நிலைமைக்குச் சாயத்தண்ணீர் கொண்டுவந்துவிட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறை வந்த பிறகே மறுபடி ஓடியதையும் அவர் கண்ணால் பார்த்திருப்பார். கோடையில் காவிரித் தண்ணீர் கடல் வரை போவது அரிது, டெல்டாவிலேயே தீர்ந்துவிடும். ஆனால் மேட்டூர் நிரம்பி உபரி திறக்கும்போது, வருஷம் முழுக்க ஆற்றங்கரையில் கொட்டியதெல்லாம் ஒரே வாரத்தில் கொள்ளிடம் வழியாகப் போய்விடும். அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் பிச்சாவரத்துச் சதுப்புக் காடு இருக்கிறது. இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கிற இடம்.

அவர் செய்யக்கூடியது கட்டிங் வேஸ்ட்டில், அதாவது துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளில், ஆரம்பிக்கிறது. இன்னும் சில யூனிட்டுகள் அதை ஓடைக்கரையில் கொட்டியோ கொளுத்தியோ முடித்துவிடுகின்றன. சுத்தப் பருத்தி வேஸ்ட்டை நிறம் பிரித்து வைத்தால் கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கிற ஓஇ மில்காரர்களே விலை கொடுத்து எடுப்பார்கள், நூலாகத் திரும்பிவரும். பாலியஸ்டர் கலந்ததைப் பருத்தியோடு சேர்த்துவிட்டால் இரண்டும் கெட்டது. இப்போது திருப்பூரே ஸ்போர்ட்ஸ்வேர், பாலியஸ்டர் என்று போய்க்கொண்டிருப்பதால் இந்தப் பிரிப்பு இனிமேல்தான் முக்கியம். பாலியஸ்டர் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. உலகக் கடல்களில் நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017-ல் மதிப்பிட்டது. வீட்டில் வாஷிங் மெஷினை அரைகுறையாக ஓட்டாமல் நிரம்பப் போட்டு, சுடுதண்ணீர் வைக்காமல் துவைத்தால் இழை உதிர்வது குறையும். கம்பெனியில் கட்டிங் டேபிளைச் சுற்றி விழும் பஞ்சுத்தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வாய்க்காலில் விடாமல், வேக்குவம் வைத்து எடுத்துச் சாக்கில் கட்டச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆலையின் பெயரெல்லாம் வேண்டாம். கருவாட்டு மூட்டை இருந்ததா, செய்தித்தாளில் பரப்பியபோது காரல் போக வேறென்ன கிடந்தது என்று மட்டும். முடிந்தால் பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நோட்டை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். என்ன மீன் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.